ஜாப் சார்னாக்கும் அவர் குடும்பமும்: பல்லாவரத்துக் கல் சொல்லும் சரித்திரம்



இந்த மலருக்குக் கட்டுரை கேட்க வந்த மலர்க்குழு நண்பர்கள், "நயினார், வருஷா வருஷம் சமணக் கல்வெட்டு பத்தி எழுதிட்டீங்க. இந்தத் தடவை நம்ம இருக்கிற ஊரைப் பத்தி எழுதுங்களேன்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிழைக்க வந்த ஊரின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஊர்ச் சோற்றைத் தின்பது அழகல்ல.

அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். 1982-இல் கல்கத்தா வந்து, லேக் மார்க்கெட் பக்கம் இருந்த நம் குடும்பங்களுக்கு ஆட்டுக்கல்லும் அம்மியும் விற்க ஆரம்பித்தேன். பிறகு கிரைண்டர் கல், அதன் பிறகு தரைக்குப் போடும் கிரானைட் பலகை. நாற்பது வருஷத்துக்கு மேல் கல்லைத் தட்டிப் பார்த்தே காலம் போயிற்று. ஆகவே இந்தச் சரித்திரத்தையும் ஒரு கல்லில் இருந்தே தொடங்குகிறேன்.

மண்ணியல் படித்த வங்காளி வாடிக்கையாளர் ஒருவர் ஒருநாள் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "தாதா, உங்கள் மெட்ராஸ் கல் முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஊருக்கு வந்துவிட்டது. போய் சார்னாக் கல்லறையைப் பாருங்கள்." அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன்.

கவர்னர் மாளிகைக்குப் பக்கத்தில், 1787-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜான்ஸ் மாதா கோயில். அதன் வளாகத்தில் எட்டுப் பட்டையாக, மேலே சிறு மண்டபத்தோடு, பார்வைக்கு முகலாயர் சமாதி மாதிரி ஒரு கட்டடம் நிற்கிறது. மாதா கோயிலை விட அது ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் மூத்தது. உள்ளே பலகைக் கல்லில் லத்தீன் எழுத்து. அதில் சார்னாக்கை ஆங்கில நாட்டுக் கனவான் என்றும், வங்காள ராஜ்யத்தில் ஆங்கிலேயரின் ஏஜெண்டாக இருந்தவர் என்றும், தன்னுடையதல்லாத மண்ணில் நெடுங்காலம் அலைந்துவிட்டு நிரந்தர வீட்டுக்குத் திரும்பினார் என்றும் பொருள்பட எழுதியிருக்கிறது. அந்த 'தன்னுடையதல்லாத மண்' என்ற இடத்தில் எனக்குக் கால் நின்றுவிட்டது. பிழைப்புக்காக வெளியூர் வந்த யாருக்கும் நிற்கத்தான் செய்யும்.

யார் இந்தச் சார்னாக்?

ஜாப் சார்னாக் லண்டனில் 1630 வாக்கில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு 1650-களின் நடுவில் இந்தியா வந்தார். முதலில் செய்த ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்குத்தான். 'ஐந்து வருஷம் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புவோம்' என்ற நினைப்பு நமக்கு மட்டும் வந்ததல்ல, பாருங்கள்! 1658-இல் காசிம்பஜார் பண்டகசாலைப் பட்டியலில் அவர் பெயர் நாலாவது ஆளாக இருக்கிறது. சம்பளம் வருஷத்துக்கு 20 பவுன். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப இருந்தவரை, பாட்னா பண்டகசாலைக்குத் தலைவராக்குகிறோம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் இங்கிலாந்து மண்ணை மிதிக்கவே இல்லை.

பாட்னாவில் என்ன வேலை? வெடியுப்பு வாங்கும் வேலை. பீகார் மண்ணில் விளையும் வெடியுப்பு இல்லாமல் ஐரோப்பாவில் துப்பாக்கி மருந்து கிடையாது. கங்கை வழியே படகுகளில் அது ஹூக்ளிக்கு இறங்கி, அங்கிருந்து கப்பல் ஏறும். அந்தச் சரக்கை அவர் பதினைந்து வருஷத்துக்கு மேல் கையாண்டார். உள்ளூர் பாஷை, உள்ளூர் உடை, உள்ளூர்ப் பழக்கம் எல்லாம் அவருக்கு ஒட்டிக்கொண்டன.

இங்கே ஒரு சின்னச் சங்கதி. அதே காலத்தில் பாட்னாவுக்கு வந்த இன்னொரு வெளியூர்க்காரர் ஹீரானந்த் சாஹு. ராஜஸ்தானத்து நாகௌரிலிருந்து 1652-இல் வந்த சமண வணிகர். அவர் மகன் மாணிக்சந்த் டாக்காவுக்கும் பிறகு முர்ஷிதாபாத்துக்கும் போனார். மாணிக்சந்தின் வாரிசு பதேசந்துக்கு 1723-இல் டில்லி பாதுஷா கொடுத்த பட்டம்தான் 'ஜகத் சேட்', அதாவது உலகத்துக்கே வட்டிக்கடைக்காரர்! இந்த இரண்டு வெளியூர்க்காரர் குடும்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சேட் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஆண் வாரிசு, பேரேடு, பட்டம். கடைசியில் 1763-இல் மீர் காசிம் கையால் மகதாப் சந்தும் ஸ்வரூப் சந்தும் கொலையுண்டார்கள். சார்னாக் குடும்பத்தில் பட்டம் இல்லை, பேரேடு இல்லை. மூன்று பெண்கள்தான் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மனைவி: இரண்டு சாட்சிகள்

பாட்னாவில் இருந்தபோது 1663 வாக்கில் சார்னாக் ஓர் இந்துப் பெண்ணோடு குடும்பம் நடத்தத் தொடங்கினார். கல்கத்தாவில் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான் சொல்வார்கள். கங்கைக் கரையில் உடன்கட்டை ஏறப்போன இளம் விதவையை அவர் சிப்பாய்களோடு போய் மீட்டார், அவள் அழகில் மயங்கி மணந்தார் என்று. நாவல் எழுதினவர்கள் அவளுக்கு மரியா என்றும் இன்னும் பல பெயரும் வைத்து விட்டார்கள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் வியாபாரி 1727-இல் அச்சிட்ட பயணப் புத்தகத்திலிருந்து வந்தது. சார்னாக் இறந்து முப்பத்து நாலு வருஷம் கழித்து வந்த புத்தகம் அது. அவள் இறந்த பிறகு ஆண்டுதோறும் அவள் கல்லறையில் சார்னாக் ஒரு சேவலைப் பலி கொடுத்தார் என்றும் அதில் இருக்கிறது. சாப்பிடும் நேரத்தில் வேலைக்காரர்களைச் சாட்டையால் அடிக்கச் சொல்லி அந்த அலறலை ரசிப்பார் என்றும் இருக்கிறது.

இன்னொரு சாட்சி வில்லியம் ஹெட்ஜஸ். வங்காளத்துக்குக் கம்பெனியின் தலைவராக 1682-இல் வந்தவர். அவருடைய நாட்குறிப்பில் கதை வேறு மாதிரி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் புருஷன் உயிரோடு இருந்தான், அல்லது அப்போதுதான் செத்திருந்தான். அவனுடைய பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு அவள் ஓடிவந்தவள். நவாபிடம் புகார் போய், சார்னாக் ஓடி ஒளிந்து, கடைசியில் சுமார் 3,000 ரூபாயும் துணியும் வாள் அலகுகளும் கொடுத்து விஷயத்தை முடித்தார் என்கிறது நாட்குறிப்பு.

எது உண்மை? வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே கணக்கை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால், எழுதினவனுக்கு அதில் என்ன லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும். ஹெட்ஜஸுக்கும் சார்னாக்குக்கும் ஆகவே ஆகாது. லண்டன் டைரக்டர்களோ சார்னாக்கை நம்பினார்கள். அவரைக் கவிழ்க்க ஹெட்ஜஸ் தேடிச் சேர்த்த புகார்களில் இதுவும் ஒன்று. ஹாமில்டனோ கம்பெனிக்கு வெளியே தனி வியாபாரம் செய்தவர். கம்பெனி ஆட்களைக் கண்டால் அவருக்கு எரிச்சல். ஊரில் பேசிக்கொண்டதைக் கேட்டு எழுதியவர். ஆகையால் இரண்டு பேர் எழுத்தையும் அப்படியே வரவு வைக்க முடியாது.

ஆனால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகிற தொகை ஒன்று உண்டு. அவள் இந்துப் பெண். ஊரறிய நெடுங்காலம் அவரோடு வாழ்ந்தாள். விரோதிகூட மறுக்காத இந்த அளவை நாம் தைரியமாக வரவு வைக்கலாம். சேவல் விஷயமும் யோசிக்க வேண்டியது. பீகாரில் பஞ்ச பீர் வழிபாட்டில் சேவல் பலி உண்டு. வாழ்நாளில் பல வருஷங்களைப் பாட்னாவில் கழித்தவர் அங்கத்து வழக்கத்தைப் பின்பற்றியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. உயிர்ப்பலி எனக்கு ஒப்பாது, அது வேறு விஷயம். ஆனால் இறந்த மனைவிக்கு வருஷத் திதி மறக்காதவர் என்ற அளவில் அந்தக் கதை எனக்கு நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

சென்னையில் ஒரு ஞானஸ்நானம்

1680-இல் சார்னாக் காசிம்பஜார் பண்டகசாலைக்கு வந்தார். அங்கே உள்ளூர் வியாபாரிகள், தங்களுக்கு வரவேண்டிய பாக்கிக்காக அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 43,000 ரூபாய் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. அவர் கொடுக்க மறுத்தார். நவாப் ஷாயிஸ்தா கான் ஆட்கள் பண்டகசாலையைச் சூழ்ந்தார்கள். 1686-இல் தப்பி ஹூக்ளி வந்தார். சரித்திரப் புத்தகங்கள் இதை வீரம் போல எழுதுகின்றன. பாக்கி வரவேண்டிய நெசவுத் துணி வியாபாரி பக்கம் நின்று பார்த்தால் அதற்குப் பெயர் வேறு!

அதே வருஷம் அக்டோபரில் ஹூக்ளியில் கம்பெனிக்கும் முகலாயர் படைக்கும் சண்டை மூண்டது. சார்னாக் ஆட்களோடு ஆற்றில் இறங்கி, டிசம்பரில் சுதாநுதி என்ற கிராமத்தில் தங்கினார். பிறகு ஹிஜிலித் தீவு. அங்கே காய்ச்சலில் சிப்பாய்கள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். 1687 கடைசியில் மறுபடி சுதாநுதி. 1688-இல் லண்டனிலிருந்து வந்த கேப்டன் ஹீத் எல்லாரையும் கப்பலில் ஏற்றி, பாலேஸ்வரத்தில் கொள்ளையடித்து, சிட்டகாங் வரை அலைந்து, கடைசியில் 1689 மார்ச்சில் சென்னையில் கொண்டுபோய் இறக்கினார்.

இப்படித்தான் சார்னாக் குடும்பம் நம் ஊர் வந்தது. ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சென்னைக் கோட்டையில் இருந்தார்கள். அப்போது கவர்னர் எலிஹு யேல். கோட்டைக்குள்ளே செயின்ட் மேரீஸ் மாதா கோயில் 1680-இல்தான் திறக்கப்பட்டிருந்தது. அந்தக் கோயிலில் 1689 ஆகஸ்டு 19-ஆம் தேதி சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்தது. பெயர்கள் மேரி, எலிசபெத், கேதரின்.

தனித்தனியே பிறந்த மூன்று பெண்களுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் செய்தது ஏன்? இத்தனை காலமும் தாயாரோடு தாயாரின் வழக்கப்படி வளர்ந்த பெண்கள், இனிமேல் கம்பெனி வட்டத்துக்குள் மாப்பிள்ளை தேட வேண்டிய பெண்கள் ஆகிவிட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். தகப்பனாருக்கு வயது அறுபதை எட்டுகிறது. தங்க ஊர் இல்லை. தனக்குப் பிறகு பெண்கள் கதி என்ன என்ற கவலை எந்தத் தகப்பனுக்கும் வரும். பெண்ணைப் பெற்று வெளியூரில் வளர்த்தவர்கள் இந்த மலரைப் படிக்கிறவர்களிலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்தப் பாஷை சொல்லிக்கொடுப்பது, எந்த ஊரில் சம்பந்தம் பார்ப்பது என்று நாம் படும் பாடுதான் அவர் பட்டதும்.

மகள்களும் மருமகனும்

1690 ஆகஸ்டு 24, பகல் வேளை. சார்னாக் மூன்றாம் முறையாகச் சுதாநுதியில் இறங்கினார். முன்பு போட்ட குடிசைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. இரவும் பகலும் மழை கொட்டியது என்று கம்பெனிக் குறிப்பு சொல்கிறது. அடுத்த வருஷம் பாதுஷா ஔரங்கசீப்பின் உத்தரவு வந்தது. வருஷத்துக்கு 3,000 ரூபாய் கட்டிவிட்டுச் சுங்கமில்லாமல் வியாபாரம் செய்யலாம். அவ்வளவுதான் அவர் கண்ணால் கண்டது. 1693 ஜனவரி 10-ஆம் தேதி காலமானார். கல்லறையில் 1692 என்று இருக்கிறதே என்பீர்கள். அந்நாளில் ஆங்கிலேயருக்கு வருஷப் பிறப்பு மார்ச் 25. ஜனவரி பழைய வருஷக் கணக்கில் சேரும். நமக்குச் சித்திரை வரை பழைய வருஷமே ஓடுகிற மாதிரி.

மூத்த மகள் மேரியை மணந்தவர் சார்லஸ் எயர். மாமனாருக்குச் சமாதி மண்டபம் கட்டியவர் இவர்தான், 1695 வாக்கில். கல்கத்தா சட்டப்படி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். 1698 நவம்பர் 10-ஆம் தேதி சுதாநுதி, கோவிந்தபூர், கலிகத்தா என்ற மூன்று கிராமங்களின் ஜமீன் உரிமையை, பரிஷாவில் இருந்த சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரிடமிருந்து 1,300 ரூபாய்க்குக் கம்பெனி வாங்கியது. சுபேதார் அஜீம்-உஷ்-ஷானுக்கு 16,000 ரூபாய் கொடுத்து அனுமதி பெற்றிருந்தார்கள். கிரயத்தைவிட அனுமதிக்கு ஆன செலவு பன்னிரண்டு மடங்கு! இன்றைக்கு வீடு வாங்கிப் பதிவு செய்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எயர் பிறகு இங்கிலாந்து போய் 'சர்' பட்டம் பெற்று, 1700-இல் வில்லியம் கோட்டையின் முதல் தலைவராகத் திரும்பி வந்தார்; வந்த வருஷத்துக்குள்ளேயே ஊர் திரும்பிவிட்டார்.

ஆனால் இந்தப் பெருமை எதையும் மேரி பார்க்கவில்லை. 1697 பிப்ரவரி 19-இலேயே அவர் இறந்துவிட்டார். தகப்பனார் பெயர் பொறித்த அதே கல்லில், அதன் கீழேயே, அவருடைய மூத்த மகள் என்றும் எயரின் அன்பு மனைவி என்றும் மேரியின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கடைக்குட்டி கேதரின், ஜொனாதன் ஒயிட் என்பவரின் மனைவி. அவர் 1701 ஜனவரியில் இறந்தார். அவருக்கும் அதே மண்டபத்தில் கல் இருக்கிறது.

நடு மகள் எலிசபெத்துக்குத்தான் ஆயுள் கெட்டி. வில்லியம் பவுரிட்ஜ் என்ற கம்பெனி வியாபாரியை மணந்து கல்கத்தாவிலேயே வாழ்ந்து 1753 ஆகஸ்டில் காலமானார். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற பெண், அதற்கப்புறம் அறுபத்து நாலு வருஷம் இருந்திருக்கிறார். சுதாநுதி சேறாக இருந்ததையும், வில்லியம் கோட்டை எழுந்ததையும், 1709-இல் புனித ஆன் பெயரால் முதல் ஆங்கிலேய மாதா கோயில் வந்ததையும், 1742-இல் மராட்டியருக்குப் பயந்து அகழி வெட்டியதையும் பார்த்தவர். சிராஜ்-உத்-தௌலா கல்கத்தாவைப் பிடித்தது 1756-இல். அதற்கு மூன்று வருஷம் முன்னால் கண்ணை மூடினார். கல்கத்தாவை அதன் பால பருவத்திலிருந்து ஒரு முழு வாழ்நாள் பார்த்த மனுஷி, பாட்னாவைச் சேர்ந்த ஓர் இந்துத் தாயின் மகள். கவர்னர்களைப் பற்றி எழுதிய பக்கங்களில் ஒரு வரியாவது இவருக்கு ஒதுக்கியிருக்கலாம்.

கல்லின் பெயர்

இனி நம்ம கல்லுக்கு வருகிறேன். லத்தீன் எழுத்து, 'இந்தச் சலவைக் கல்லின் கீழ்' அவர் உடல் இருப்பதாகச் சொல்கிறது. அது சலவைக் கல் அல்ல என்று எந்தக் கல் வியாபாரிக்கும் பார்த்தவுடன் தெரியும். கறுப்பும் பச்சையும் கலந்த சாம்பல் நிறம். உடைத்த இடத்தில் எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுக்கம். சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் எடுத்த கல். கப்பலில் வங்காளம் வந்தது. வண்டல் மண் நாடான கீழ் வங்காளத்தில் கல்லுக்கு எங்கே போவது? அதனால்தானே எனக்கும் இந்த ஊரில் பிழைப்பு நடக்கிறது!

இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து என்ற ஆங்கிலேயர் 1893-இல் இந்தக் கல்லறைப் பலகையைப் பரிசோதித்து ஒரு கட்டுரை எழுதினார். ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் கலந்த இந்தப் பாறை வகைக்கு, கல்லறையில் உறங்குபவர் பெயராலேயே 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார். பல்லாவரம், பரங்கிமலை, நீலகிரி, சேர்வராயன் மலை எல்லாம் இந்தப் பாறைதான். வயது சுமார் 250 கோடி ஆண்டு. இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் அண்டார்டிகாவிலும் இதே வகைப் பாறையைக் கண்டபோது விஞ்ஞானிகள் அதே பெயரால்தான் அழைத்தார்கள். சார்னாக் கனவிலும் நினைக்காத தேசங்களில் எல்லாம் இன்று அவர் பெயர் இருக்கிறது.

பிறந்த நாள் வழக்கு

1990-இல் இந்த ஊர் முந்நூறாவது பிறந்த நாள் கொண்டாடியது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சார்னாக் இறங்கிய ஆகஸ்டு 24-ஐ ஊர் பிறந்த தேதியாக வைத்துக்கொண்டாடினோம். 2001-இல் சாபர்ண ராய் சௌத்ரி குடும்பச் சங்கத்தாரும் வேறு பெரியவர்களும் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சரித்திர அறிஞர் ஐவர் குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 2003 மே 16-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சார்னாக் இந்நகரின் ஸ்தாபகர் அல்லர், இந்த ஊருக்குப் பிறந்த நாள் என்று ஒன்று கிடையாது என்றது நீதிமன்றம்.

என்னைக் கேட்டால் தீர்ப்பு சரிதான். சார்னாக் இறங்குவதற்கு வெகு காலம் முன்பே கோவிந்தபூரில் சேட்டுகளும் பசாக்குகளும் துணி வியாபாரம் செய்தார்கள். சப்தகிராமத்தில் ஆறு தூர்ந்துபோய்க் கடை எடுத்து வந்தவர்கள் அவர்கள். சுதாநுதி என்ற பெயரே நூல் சிட்டத்தைக் குறிப்பதுதான். காளிகாட்டுக்கு யாத்ரீகர்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். சந்தை இருந்த இடத்தைத் தேடித்தான் சார்னாக் வந்தார்; வெறுங்காட்டில் கடை போட எந்த வியாபாரிக்கும் பைத்தியம் இல்லை. கிரயப் பத்திரம்கூட அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்துத்தான் ஆனது.

அப்படியானால் சார்னாக் யார்? வந்து குடியேறியவர். அவருக்கு முன்னும் பலர் வந்தார்கள், பின்னும் நாம் உட்பட எத்தனையோ பேர் வந்தோம். அந்த வரிசையில் அவருக்கும் ஓர் இடம் உண்டு. அதை எந்த நீதிமன்றமும் எடுக்கவில்லை, அவர் குணக்கேடுகளும் எடுக்க முடியாது.

பேத்தி கேட்ட கேள்வி

சென்ற குளிர்காலத்தில் என் பேத்தியை அந்தச் சமாதிக்குக் கூட்டிப்போனேன். இங்கேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், எழுத வராது. நான் இந்தக் கதையெல்லாம் சொல்லி முடித்ததும் மண்டபத்துக்குள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "தாத்தா, அப்பா பேரு இருக்கு, பொண்ணுங்க பேரு இருக்கு. அம்மா பேரு எங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷமாக அந்தக் கல்லைப் பார்க்கிறேன். கல் எந்தக் குவாரி என்று பார்த்தேன், எழுத்து என்ன பாஷை என்று பார்த்தேன், தேதி சரியா என்று பார்த்தேன். யார் பெயர் விட்டுப்போயிற்று என்று பார்க்கவில்லை. ஊர் முழுக்க யாரைப் பற்றிக் கதை சொல்கிறதோ, யாரால் அந்த லண்டன்காரர் இந்த மண்ணில் நிலைத்தாரோ, அவளுக்கு அங்கே ஓர் எழுத்து இல்லை. பாறைக்கு இருக்கிற பெயர்கூட அவளுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து நம் சங்கத்தின் பழைய மலர்களைப் புரட்டினேன். ஆரம்பகால உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. அத்தனையும் ஆண்கள் பெயர். புது ஆளாய் வந்த என்னைப் போன்ற பையன்களுக்கு வாரக்கணக்கில் சோறு போட்டவர்கள், பொங்கல் விழாவுக்கு விடியற்காலையில் எழுந்து நூறு பேருக்குச் சமைத்தவர்கள், பிள்ளைகளை உட்காரவைத்து 'அ, ஆ' எழுதவைத்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. புகைப்படத்தின் கீழே 'திருமதி இன்னார்' என்று புருஷன் பெயர்தான் இருக்கிறது. நான் விற்ற முதல் ஆட்டுக்கல்லை வாங்கிய அம்மாளை நாங்கள் எல்லாரும் 'மாமி' என்றே கூப்பிட்டோம். அவர் பெயர் என்ன என்று அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்க அவர் இல்லை.

ஆகையால் மலர்க்குழுவினருக்கு அடியேனின் வேண்டுகோள். அடுத்த மலரில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இந்த ஊருக்கு வந்து குடித்தனம் வைத்த முதல் தலைமுறைப் பெண்களின் பெயர்களை, அவரவர் சொந்தப் பெயராலேயே அச்சிடுங்கள். பிறந்த ஊர், வந்த வருஷம் இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக் கொடுப்பது உறுப்பினர் கடமை. அச்சுச் செலவு எவ்வளவானாலும் என் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். முதல் பெயராக என் மனைவி பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள்க.